60 லட்சம் டாலர் ஒப்பந்தம் நின்றுபோனது ஏன்? ஒரு பவுலரை எடைபோடும் கணக்கு: குமார் ராக்கர் முதல் நம்ம கண்மாய் கிரவுண்ட் வரை

சித்திரை, வைகாசி மாசத்தில் அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் வெளியே பாருங்கள். தண்ணீர் வற்றிப்போன ஏதாவது ஒரு கண்மாய்க்குள்ளே, சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு, டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடந்துகொண்டிருக்கும். அதில் எப்படியும் ஒரு பையன் மற்ற எல்லாரையும்விட வேகமாகப் போடுவான். கரையில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் சொல்வார்: "இவன்லாம் ஐபிஎல்-க்குப் போக வேண்டிய ஆளுப்பா!"

சொன்னவர் மனசாரத்தான் சொல்கிறார். ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையனுக்குத்தான் எப்படித் தெரியும்? வேகமாகப் போடுகிற ஒரு இளைஞன் நாளைக்கு அதையே தொழிலாகச் செய்து பிழைப்பானா, மாட்டானா என்பதை எதை வைத்துச் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு பெரிய தொழிலையே நடத்துகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்க பேஸ்பால். நமக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் அங்கே ஒரு கல்லூரி மாணவரின் கதை நம் ஊர் பவுலர்களுக்கும், அவர்களின் பெற்றோருக்கும், கோச்சுகளுக்கும் நிறையச் சொல்கிறது. அந்த மாணவரின் பெயரும் நமக்குப் பழக்கமானதுதான்: குமார்.

யார் இந்தக் குமார்?

முழுப்பெயர் குமார் ராக்கர். 1999 நவம்பரில் பிறந்தவர். அப்பா டிரேசி ராக்கர், அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்ற வீரராக இருந்து கோச் ஆனவர். அம்மா லலிதா, இந்திய வம்சாவளி. அம்மா வழித் தாத்தா, பாட்டி இந்தியாவில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள்.

ஆறடி ஐந்து அங்குல உயரம். நாஷ்வில் நகரில் இருக்கும் வான்டர்பில்ட் பல்கலைக்கழக அணிக்காக ஆடிய 'பிட்சர்'. நம் பாஷையில் பவுலர். 2019 ஜூனில், முதலாமாண்டு மாணவராக இருக்கும்போதே, டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணியில் ஒருவரையும் 'ஹிட்' அடிக்க விடாமல் முழு ஆட்டத்தையும் தனியாளாக முடித்தார். ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு அணிக்கு மொத்தம் 27 அவுட். அதில் 19 பேரை அவர் 'ஸ்ட்ரைக் அவுட்' ஆக்கினார். அதாவது ஃபீல்டர் யாருடைய கேட்ச்சும் தேவைப்படாத அவுட். கிட்டத்தட்ட 19 கிளீன் போல்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்றிருந்தால் வான்டர்பில்ட் தொடரை விட்டே வெளியேறியிருக்கும். அந்த வருஷம் அவர்களே கல்லூரி சாம்பியன். இறுதிச் சுற்றுத் தொடரின் சிறந்த வீரர் குமார்.

அன்றைக்கு அவர் வீசிய பந்துகள் 131. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பிறகு வருவோம்.

டிராஃப்ட் என்றால் என்ன? நம்ம ஏலம் மாதிரியா?

இல்லை. ஐபிஎல் ஏலத்தில் எந்த அணி அதிக விலை கேட்கிறதோ அதற்கு வீரர் போவார். டிராஃப்டில் அணிகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு வரிசையில் முன்னுரிமை. மொத்தம் 30 அணிகள், இப்போது 20 சுற்றுகள். ஆக ஒவ்வொரு வருஷமும் சுமார் 600 பேர். நம் டிஎன்பிஎல்-லேயே 2023-ல் ஏலமுறை வருவதற்கு முன்பு டிராஃப்ட்தான் இருந்தது.

அமெரிக்க டிராஃப்டில் ஒரு அணி உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த வருஷம் அந்த ஒரு அணியுடன் மட்டும்தான் பேரம் பேச முடியும். தொகை பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். பள்ளி மாணவர் என்றால் கல்லூரிக்குப் போகலாம். கல்லூரி மாணவர்கள் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடித்த பிறகோ, 21 வயது ஆன பிறகோதான் டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார்கள். குமாரையே 2018-ல், பள்ளி முடித்தபோது, கொலராடோ அணி 38-வது சுற்றில் தேர்ந்தெடுத்தது. (அப்போது 40 சுற்றுகள்.) அவர் அதை ஏற்காமல் கல்லூரிக்குப் போனார். போனதால்தான் மதிப்பு கூடியது.

ஸ்கவுட் என்ன பார்க்கிறார்?

ஒவ்வொரு அணிக்கும் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்க்கும் 'ஸ்கவுட்' படை உண்டு. அவர்கள் மதிப்பெண் போடும் முறை விநோதமானது: 20-ல் தொடங்கி 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் வீரரின் சராசரித் தரம். 80 என்றால் அபூர்வம். ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. ஒன்று, இன்றைக்கு இருக்கும் நிலை. இன்னொன்று, நாளைக்கு எட்டக்கூடிய நிலை. இந்த இரண்டாவது மதிப்பெண்ணுக்காகத்தான் அணிகள் கோடிகளைக் கொட்டுகின்றன.

ஒரு பிட்சரிடம் அவர்கள் பார்ப்பதை நம்ம கிரிக்கெட் கண்ணாடி போட்டுப் பார்ப்போம்.

முதலில் வேகம். ரேடார் கன்னைப் பிடித்தால் யாருக்கும் தெரிந்துவிடும். அதனாலேயே இது எல்லாரும் பார்க்கிற விஷயம். குமாரின் வேகப்பந்து நல்ல நாளில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும்.

அடுத்து, இரண்டாவது ஆயுதம். வேகம் மட்டும் இருந்தால் நல்ல பேட்ஸ்மேன் ரெண்டு பந்தில் பழகிவிடுவார். வேகப்பந்து மாதிரியே வந்து கடைசி நேரத்தில் விலகும் 'ஸ்லைடர்' குமாரின் முத்திரை.

மூன்றாவது ஆயுதம் இருக்கிறதா? இங்கேதான் பல பேர் சிக்குவார்கள். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஒரே பேட்ஸ்மேனை ஒரே நாளில் மூன்று முறைகூடச் சந்திக்க வேண்டியிருக்கும். ரெண்டு வகைப் பந்து மட்டும் வைத்திருந்தால் மூன்றாவது முறை அடி விழும். அப்படிப்பட்டவரைக் கடைசி ஒன்றிரண்டு இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்குவார்கள். டெஸ்ட் பவுலருக்கும், டெத் ஓவருக்கு மட்டும் வருபவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. சம்பளத்திலும் அதே வித்தியாசம்.

நான்காவது, கட்டுப்பாடு. அதிலும் ரெண்டு நிலை உண்டு. பந்தைப் பொதுவாக ஸ்ட்ரைக் எல்லைக்குள் போடுவது ஒரு திறமை. அந்த எல்லைக்குள்ளேயே நினைத்த மூலையில் போடுவது வேறு திறமை. ஸ்டம்புக்குப் போடுகிறவருக்கும் பேட்ஸ்மேனின் கால் விரலுக்கு யார்க்கர் இறக்குகிறவருக்கும் உள்ள தூரம் இது.

ஐந்தாவது, ஆக்‌ஷன். கை, தோள், இடுப்பு எல்லாம் சீராக ஒத்துழைக்கிறதா, ஒவ்வொரு பந்தையும் ஒரே மாதிரி வெளியிடுகிறாரா என்று பார்ப்பார்கள்.

கடைசியாக மருத்துவ அறிக்கை. இது ஸ்கவுட்டின் கண்ணுக்குத் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும்.

ஸ்கோர்கார்டை நம்பலாமா?

குமாரின் 2021 கல்லூரி சீசனைப் பாருங்கள்: 14 வெற்றி, 4 தோல்வி, 122 இன்னிங்ஸில் 179 ஸ்ட்ரைக் அவுட். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலிலேயே அந்த வருஷம் அதுதான் உச்சம். அதே எண்ணிக்கையில் இருந்த இன்னொருவர், அவருடைய அணியிலேயே ஆடிய ஜாக் லைட்டர். இதைப் பார்த்தால் நீங்களும் நானும் 'கண்ணை மூடிட்டு எடுத்துடலாம்' என்போம்.

ஸ்கவுட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. முதல் காரணம், எதிரே நிற்பவர் யார் என்ற கேள்வி. கல்லூரி பேட்ஸ்மேன்களில் பெரும்பாலானவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்கே போகப்போவதில்லை. அவர்களைச் சாய்ப்பதை வைத்து மேஜர் லீக்கில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, கல்லூரியில் உலோக பேட். தொழில்முறையில் மர பேட். ஆட்டமே மாறும். மூன்றாவது காரணம்தான் முக்கியம்: அந்த சீசனில் சில வாரங்கள் குமாரின் வேகம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது. விக்கெட்டுகள் விழுந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் ரேடார் கன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கையில் ஏதாவது பிரச்சினையா?

நம்ம ஊருக்கு இதை மாற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச்சில் 4 ஓவரில் 5 விக்கெட் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கை, முதுகு, முட்டி மூன்றும் தாங்க வேண்டிய பாரம் வேறு. பந்து பிட்ச்சில் பட்டு நடந்துகொள்ளும் விதமும் வேறு. கண்மாய்த் தரையில் கிடைத்த விக்கெட் ஒரு அறிமுகச் சீட்டு. அவ்வளவுதான்.

60 லட்சம் டாலர் எங்கே போனது?

2021 ஜூலை டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அணி 10-வது தேர்வாகக் குமாரை எடுத்தது. 60 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அன்றைய மதிப்பில் சுமார் 44 கோடி ரூபாய். கையெழுத்துக்கு முன்பு மருத்துவப் பரிசோதனை. அதைப் பார்த்த அணி பின்வாங்கியது. ஆகஸ்ட் 1 கடைசி நாள். அன்றுவரை அணியிடமிருந்து ஒரு ஒப்பந்தமும் வரவில்லை. குமாரின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ், வேறு மருத்துவர்கள் பார்த்ததில் பெரிய காயம் எதுவும் இல்லை என்று சொன்னார். அணி அசையவில்லை.

இதில் விதிமுறையும் ஒரு பங்கு வகித்தது. டிராஃப்டுக்கு முன்பே எம்.ஆர்.ஐ. கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. விருப்பம் இருந்தால் சேரலாம். சேர்ந்தவர்களுக்கு, அந்த இடத்துக்கு நிர்ணயித்த தொகையில் குறைந்தது 40 சதவீதத்தை அணி வழங்க முன்வர வேண்டும். குமார் அதில் சேரவில்லை. அதனால் ஒரு டாலர்கூட கொடுக்க வேண்டிய கட்டாயம் மெட்ஸுக்கு இல்லை. அணிக்கோ நஷ்டமே இல்லை: ஒப்பந்தம் ஆகாததற்கு ஈடாக அடுத்த வருஷ டிராஃப்டில் 11-வது இடம் கிடைத்தது. வீரருக்குக் கிடைத்தது, 'கையில் ஏதோ கோளாறாம்' என்ற பேச்சு மட்டும்.

மருத்துவ அறிக்கை கேட்பது தப்பில்லை. இவ்வளவு பணம் போடுகிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் ஒரே சோதனையின் ரிஸ்க் முழுவதையும் வீரரின் தலையில் கட்டியது தப்பு. அமெரிக்காவிலேயே இதை உணர்ந்திருக்கிறார்கள். 2022-ல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில், முன்கூட்டியே மருத்துவச் சோதனைக்கு வரும் முன்னணி வீரர்களுக்கான உத்தரவாதம் 75 சதவீதமாக உயர்ந்தது.

பிறகு என்ன ஆனது?

2021 செப்டம்பரில் அவருக்குத் தோள்பட்டையில் சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வருஷம், பெரிய அணிகள் எதனுடனும் தொடர்பில்லாத ஒரு சின்ன லீக்கில், டிரை-சிட்டி வேலிகேட்ஸ் அணிக்கு ஆடப் போனார். 5 ஆட்டம், 20 இன்னிங்ஸ், 32 ஸ்ட்ரைக் அவுட். 'கை நல்லாத்தான் இருக்கு' என்று காட்ட அவருக்குக் கிடைத்த மேடை அது.

2022 டிராஃப்டில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை 3-வது தேர்வாக எடுத்தது. தொகை 52 லட்சம் டாலர். போன வருஷம் 10-வது, இந்த வருஷம் 3-வது. 'பார்த்தீங்களா, மெட்ஸ் ஏமாந்துடுச்சு' என்று எல்லாரும் சொன்னார்கள்.

2023 மே மாதம், முழங்கையில் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓய்வு. இப்போது 'மெட்ஸ் சொன்னது சரிதானோ' என்றார்கள். 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீக்கில் அறிமுகம். 4 இன்னிங்ஸ், 7 ஸ்ட்ரைக் அவுட். 'ரேஞ்சர்ஸ்தான் சரி' என்று பேச்சு மறுபடி மாறியது. இன்னும் அவர் நிரந்தர நட்சத்திரம் ஆகிவிடவில்லை. கணக்கு முடியவில்லை.

அதென்ன டாமி ஜான்?

முழங்கையின் உட்பக்கம் ஒரு தசைநார் இருக்கிறது. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைத்து வைப்பது அதுதான். ஒவ்வொரு முறை முழுவேகத்தில் எறியும்போதும் அதன்மேல் பெரும் இழுவிசை விழும். திரும்பத் திரும்ப இழுத்தால் ஒரு நாள் கிழியும். உடம்பின் வேறு இடத்தில் இருந்து தசைநாண் எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டுவதுதான் சிகிச்சை. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது டாமி ஜான் என்ற பிட்சருக்கு. அந்த மனிதர் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அதனால் சிகிச்சைக்கே அவர் பெயர்.

கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிவதில்லை என்பதால் இந்தக் காயம் பவுலர்களிடம் அவ்வளவாக இல்லை. நம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எதிரி கீழ்முதுகு எலும்பில் விழும் மெல்லிய விரிசல். பிறகு முட்டி, கணுக்கால். காயம் வேறு, காரணம் ஒன்றுதான்: வளர்கிற உடம்பில் அளவுக்கு மீறிய பாரம், போதாத ஓய்வு.

இப்போது அந்த 131-க்கு வருவோம். இளம் பிட்சர்களின் கையைக் காப்பாற்ற அமெரிக்காவில் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. 17-18 வயதில் ஒரு நாளைக்கு 105 பந்துதான் உச்சவரம்பு. 19 முதல் 22 வயதுக்கு 120. நிறையப் பந்து வீசினால் அடுத்து குறைந்தது 4 நாள் ஓய்வு. குமாரை உலகத்துக்குக் காட்டிய அந்த ஆட்டத்தில், 19 வயதில், அவர் வீசியது 131. அந்த ஒரு ஆட்டம்தான் பிந்தைய காயத்துக்குக் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பையனைப் பெரிய ஆளாக்குகிற அதே ஆட்டம்தான் அவன் கையிலிருந்து அதிகமாக எடுத்துக்கொள்கிறது. இது பேஸ்பாலுக்கு மட்டுமா பொருந்தும்?

இவ்வளவு பார்த்தும் தப்பு நடக்குமா?

நிறைய நடக்கும். 2013 டிராஃப்டில் முதல் தேர்வு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் அப்பெல். மேஜர் லீக்கில் அவர் முதல் பந்து வீசியது 2022-ல், 30 வயதில். நடுவில் சில வருஷம் ஆட்டத்தையே விட்டிருந்தார். இன்னொரு பக்கம், 2010-ல் 9-வது சுற்றில், 272-வது ஆளாக எடுக்கப்பட்ட ஜேக்கப் டிகிராம். கல்லூரியில் பெரும்பாலும் ஃபீல்டராக இருந்து, கடைசி வருஷம்தான் பிட்சர் ஆனவர். 2018, 2019 இரண்டு வருஷமும் தன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான்.

ஆக, ரேடார், கேமரா, எம்.ஆர்.ஐ., ஊர் ஊராக ஸ்கவுட் எல்லாம் இருந்தும் கணிப்பு தவறுகிறது. அங்கே உருப்படியான விஷயம், தவறினால் திரும்பி வர வழி வைத்திருப்பதுதான். குமாருக்குச் சின்ன லீக் இருந்தது. அடுத்த வருஷ டிராஃப்ட் இருந்தது. அப்பெலுக்குத் திரும்பி வர கதவு திறந்திருந்தது.

இந்தியாவில் இப்படித் தேடியதே இல்லையா?

தேடினார்கள். 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டி. யார் வேகமாக, சரியாக எறிகிறார்கள் என்று இந்தியா முழுக்க ஆள் தேடினார்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் வென்றார்கள். ரிங்கு எறிந்தது மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். பேஸ்பாலே தெரியாமல் போனவர்களை, சில மாதப் பயிற்சிக்குப் பிறகு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. 2014-ல் டிஸ்னி படமாக எடுத்தது. இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

படம் அதோடு முடிகிறது. வாழ்க்கை முடியவில்லை. தினேஷை 2010-ல் அணி விடுவித்தது. ரிங்கு சில வருஷம் கீழ்நிலை லீக்குகளில் நன்றாகவே ஆடினார். காயம் அவரையும் பிடித்தது. மேஜர் லீக் எட்டவில்லை. பின்னாளில் மல்யுத்த ரிங்குக்குள் போனார். வேகம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. உள்ளே தங்க வேறு பல விஷயங்கள் தேவைப்பட்டன.

நம்ம நடராஜன் எப்படித் தப்பினார்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பால் ஆட்டத்தில் வளர்ந்த கை. ஊரிலேயே ஜெயபிரகாஷ் என்ற வழிகாட்டி கண்டுபிடித்து சென்னை லீக் வரை கொண்டுபோனார். 2015 ஜனவரியில் ரஞ்சியில் அறிமுகம் ஆன கையோடு, நடராஜனின் பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார். பல பேருடைய கதை இங்கேயே முடிந்திருக்கும். சென்னையில் பயிற்சியாளர்கள் உட்கார வைத்து ஆக்‌ஷனைத் திருத்தினார்கள். 2016-ல் புதிதாகத் தொடங்கிய டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்கு ஆடினார்.

2017 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் எடுத்தது 3 கோடிக்கு. அந்த சீசனில் 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருஷம் விலை 40 லட்சம். ஹைதராபாத் அணியில் ரெண்டு வருஷம் பெஞ்ச். 2020-ல் 16 விக்கெட். அந்த டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20 அறிமுகம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். சில மாதத்தில் முட்டியில் அறுவை சிகிச்சை. 2025 சீசனுக்கான ஏலத்தில் டெல்லி கொடுத்தது 10.75 கோடி.

3 கோடி, 40 லட்சம், 10.75 கோடி. ஒரே கைக்கு மூன்று விலை. நடராஜன் பிழைத்தது ஒரு நாள் விலையால் இல்லை. விழுந்தபோதெல்லாம் பிடிக்க யாராவது இருந்தார்கள்: ஊரில் ஒரு வழிகாட்டி, சென்னையில் ஒரு கோச், காத்திருந்த ஒரு அணி.

அருப்புக்கோட்டைக்கு இதில் என்ன?

வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விவசாயம், இல்லையென்றால் நூல் மில், தறி, பட்டாசு, இல்லாவிட்டால் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ். இந்தச் சூழலில் ஒரு வீட்டுப் பையன் 'நான் பவுலர் ஆகப்போறேன்' என்றால், அந்தக் குடும்பம் போடுகிற முதலீடு நாலைந்து வருஷ உழைப்பு. மெட்ஸ் அணிக்கு 60 லட்சம் டாலர் எப்படியோ, அதைவிடப் பெரிய தொகை இது. அவர்களுக்கு அடுத்த வருஷ டிராஃப்டில் 11-வது இடம் மாதிரி ஈடு கிடைக்காது.

அப்படியிருந்தும் இங்கே பெரும்பாலும் எடைபோடுவது எப்படி? கரையில் இருந்து ஒரு குரல். வாட்ஸ்அப்பில் 20 செகண்ட் வீடியோ. கடைசியில், 'செலக்‌ஷன் வாங்கித் தர்றேன், இவ்வளவு ஆகும்' என்று வருகிற ஒரு ஆள். வலி வந்தால் ஸ்ப்ரே, தாங்காவிட்டால் கட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி மேட்ச். ஒரே நாளில் காலையில் ஒரு ஊர், சாயங்காலம் இன்னொரு ஊர் என்று 'கெஸ்ட் பிளேயராக' ஆடும் 17 வயதுப் பையன் எத்தனை பந்து போட்டான் என்று எண்ணுவதற்கு ஆள் கிடையாது.

எங்கள் கருத்து இதுதான். திறமையைத் தேடுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கிடைத்த கையைக் காப்பாற்றுவதைப் பற்றியும், தேர்வாகாத பையன் என்ன ஆவான் என்பதைப் பற்றியும் பேசுவதே இல்லை. ஸ்டேடியம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, எண்ணுங்கள். டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் 18 வயதுக்குக் கீழே இருக்கும் பவுலருக்கு நாளொன்றுக்கு இத்தனை ஓவர்தான் என்று விதி போடலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். பைசா செலவில்லை.

இரண்டாவது, அளந்து எழுதி வையுங்கள். மாவட்ட கிரிக்கெட் சங்கமும் கல்லூரி உடற்கல்வித் துறைகளும் சேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு முறை, கிரிக்கெட் பந்தில், வேகமும் கட்டுப்பாடும் அளக்கும் முகாம் நடத்தலாம். அளந்த எண்களைப் பையன் கையிலேயே கொடுக்க வேண்டும். 'நீ எந்த நிலைமையில இருக்க' என்று தெரிந்துகொள்வது அவன் உரிமை. புரோக்கர் பேச்சை அவன் குடும்பம் சோதித்துப் பார்க்க அந்தத் தாள் உதவும்.

மூன்றாவது, வலி வந்தால் டாக்டர். முதுகுவலி ரெண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பந்தைக் கீழே வை என்று சொல்லும் தைரியம் கோச்சுக்கு வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் விளையாட்டுக் காயங்களுக்கு என்று ஒதுக்கினாலே பெரிய மாற்றம் வரும்.

நான்காவது, டிகிரி. குமார் 18 வயதில் வந்த வாய்ப்பை மறுத்துக் கல்லூரிக்குப் போனார் என்பதை மறக்க வேண்டாம். கல்லூரி அவருக்கு மூன்று வருஷப் பயிற்சியையும், ஆட்டம் கைவிட்டால் நிற்பதற்கு ஒரு இடத்தையும் கொடுத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கொடுக்கும் நம் கல்லூரிகள், அந்த மாணவன் அரியர் இல்லாமல் வெளியே வருகிறானா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இரண்டாவது வாய்ப்பு. 19 வயது அணிக்குத் தேர்வாகாதவனுக்கு 20 வயதில் ஒரு ட்ரையல் இருக்க வேண்டும். டிகிராமை 18 வயதில் பார்த்த எவரும் பிட்சர் என்றே சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் இந்தப் பக்கத்தில் இருந்து கிளம்பி இப்போது ஐடி கம்பெனியிலோ, பேங்கிலோ, ஆஸ்பத்திரியிலோ வேலை பார்ப்பவர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது டோர்னமென்டுக்கு ஸ்பான்சர் கேட்டு வருவார்கள். கொடுங்கள். ஆனால் கோப்பையின் உயரத்தைக் குறைத்துவிட்டு, அந்தக் காசில் ஒரு பிசியோவை அந்த ரெண்டு நாளைக்கு கிரவுண்டில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஸ்கோர் எழுதுகிறவரிடம், யார் எத்தனை பந்து போட்டார்கள் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கரையில் உட்கார்ந்து 'இவன் ஐபிஎல்-க்குப் போக வேண்டிய ஆளு' என்று சொல்கிறவர் ஒருவேளை சரியாகவே சொல்லியிருக்கலாம். அது தெரிய இன்னும் ஐந்து வருஷம் ஆகும். அதுவரை அந்தப் பையனின் முதுகும் தோளும் தாங்க வேண்டும்.